மருத்துவர் ‘அனுப்பிவிட்டோம்’ என்கிறார், அலுவலகம் ‘வரவில்லை’ என்கிறது: கலிபோர்னியா பணி இயலாமைக் காப்பீடு குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: பிரீமாண்ட் நகரில் வசிக்கிறேன். எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி அட்டை பெற்று, நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். 2025 ஏப்ரல் 7 அன்று எனக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் அறுவை சிகிச்சை நடந்தது. பள்ளியில் ஐந்து நாள் நோய் விடுப்புச் சம்பளம் கொடுத்தார்கள். அதன் பிறகு வருமானம் இல்லை. ஏப்ரல் 18 அன்று மாநில டிஸபிலிட்டி இன்சூரன்ஸுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். இன்று மே 14. ‘நிலுவையில் உள்ளது’ என்பதைத் தவிர வேறு செய்தி இல்லை. மருத்துவர் அலுவலகத்தில் ‘அனுப்பிவிட்டோம்’ என்கிறார்கள். பல நாள் முயன்று தொலைபேசியில் கிடைத்த அதிகாரியோ, சான்று வரவில்லை என்றார். ‘ஊனம்’ என்று எங்கேயாவது பதிவாகிவிடுமோ, அரசாங்கத்திடம் பணம் வாங்கினால் கிரீன் கார்டுக்குத் தடை வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதீர்கள். அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் உள்ள தேதிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். பணி இயலாமை தொடங்கிய நாளிலிருந்து 49 நாட்களுக்குள் உங்கள் விண்ணப்பம் மட்டுமன்றி, மருத்துவர் தரும் சான்றும் இ.டி.டி. எனப்படும் மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் 7 முதல் எண்ணினால் அந்தக் கெடு மே மாதத்தின் கடைசி வாரத் தொடக்கத்திலேயே முடிகிறது. ஏறக்குறைய பத்து நாள்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே நாளைக் காலையில் செய்ய வேண்டியதை முதலில் எழுதுகிறேன்.

இந்தக் காப்பீட்டில் ஒரு விண்ணப்பம் என்பது இரண்டு பாதிகள் சேர்ந்தது. ஒரு பாதியை நீங்கள் நிரப்புகிறீர்கள். மறு பாதியை மருத்துவர் நிரப்புகிறார். நீங்கள் இணையத்தில் உங்கள் பாதியைச் சமர்ப்பித்தவுடன் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு ரசீது எண் திரையில் வந்திருக்கும். அந்த எண்ணை மருத்துவர் அலுவலகத்துக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். துறை அதை அவர்களுக்கு அனுப்புவதில்லை. எண் இல்லாமலோ தவறான எண்ணோடோ போகும் சான்று உங்கள் விண்ணப்பத்தோடு சேராமல் தனியே கிடக்கும். அப்படிக் கிடக்கும் வரை மருத்துவர் தரப்பு ‘அனுப்பிவிட்டோம்’ என்று சொல்வதும் உண்மை, துறை ‘வரவில்லை’ என்று சொல்வதும் உண்மை. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எண்ணி மாறி மாறிக் கோபப்பட்டுக்கொண்டிருப்பதில்தான் பல குடும்பங்கள் வாரங்களைத் தொலைக்கின்றன. சரியாக நிரப்பிய இரு பாதிகளும் கைக்கு வந்த பிறகு பொதுவாக 14 நாட்களுக்குள் முடிவெடுப்பதாகத் துறை சொல்கிறது. அந்த 14 நாள் கணக்கு உங்கள் விஷயத்தில் இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனவே மருத்துவர் அலுவலகத்தில் ‘அனுப்பினீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தேதியில் அனுப்பினார்கள், இணையவழியாகவா தபாலிலா, எந்த ரசீது எண்ணைப் பயன்படுத்தினார்கள், நோயாளியின் பெயரை எப்படி எழுதினார்கள் என்று நான்கையும் கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவக் குழுமங்களில் அறுவை செய்த மருத்துவர் இந்தப் படிவத்தைத் தொடுவதே அரிது. படிவங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும், அங்கே தனி வரிசை இருக்கும், நீங்கள் ஓர் ஒப்புதல் தாளில் கையெழுத்திடாததால் உங்கள் கோப்பு அந்த வரிசையிலேயே நின்றிருக்கவும் கூடும். வரவேற்பு மேசையில் இருப்பவர் ‘அனுப்பிவிட்டோம்’ என்று சொல்லும்போது, அந்தப் பிரிவுக்கு அனுப்பியதைத்தான் பல நேரம் சொல்கிறார். என் இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கே இது நடந்தது. நான் பேசிய மருத்துவமனையில் மூன்று முறை ‘அனுப்பியாகிவிட்டது’ என்றார்கள். நான்காம் முறை நேரில் போய் நின்றபோது, சான்று கையெழுத்துக்காக ஒரு மேசையில் காத்திருந்தது தெரிந்தது. நடக்க முடிந்தால் நேரில் போங்கள். முடியாவிட்டால் கணவரை உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடு அனுப்புங்கள். தபாலில் போயிருந்தால், இணையவழியாக மறுபடியும் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்வியாகப் பெயரைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நம்மவர் கோப்புகள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பள்ளியின் சம்பளப் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். மருத்துவமனையிலோ கணவரின் காப்பீட்டில் சேர்ந்திருப்பதால் அவர் பெயரே உங்கள் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். நமக்கு இவை நான்கும் ஒரே ஆள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு அப்படி இல்லை. விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதே எழுத்துகளை மருத்துவமனையும் சான்றில் எழுத வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு மருத்துவமனைப் பதிவை முழுவதும் மாற்ற வேண்டிய தேவை இல்லை.

அடையாளச் சரிபார்ப்பும் இதே வகையைச் சேர்ந்தது. 2022 ஜனவரியில், சந்தேகத்துக்குரிய ஏறத்தாழ 27,000 மருத்துவர் கணக்குகளோடு தொடர்புடைய சுமார் 3,45,000 இயலாமை விண்ணப்பங்களைத் துறை நிறுத்தி வைத்தது. மோசடிக் கும்பல்கள் மருத்துவர்களின் பெயரிலேயே போலிச் சான்றுகள் அனுப்பியதால் வந்த நடவடிக்கை அது. அதன் பின் விண்ணப்பிப்பவர், சான்று தரும் மருத்துவர் என இரு தரப்புக்கும் சரிபார்ப்பு இறுகியது. உங்கள் கணக்கின் செய்திப் பெட்டியிலோ வீட்டுத் தபால் பெட்டியிலோ அடையாள ஆவணம் கேட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வந்திருந்து அதற்குப் பதில் போகாவிட்டால், மருத்துவச் சான்று சரியாகச் சேர்ந்தாலும் பணம் வராது.

இவ்வளவும் செய்தும் கெடுவுக்குள் சான்று சேரவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் துறை அதை ஏற்கலாம். ஆனால் காரணத்தை நீங்கள் எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். எந்தத் தேதியில் யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு அப்போதுதான் உதவும். துறையின் இணையத்தளத்தில் ‘கேள்வி கேட்க’ என்னும் பகுதி வழியாக இன்றே ஒரு செய்தி அனுப்பி, மருத்துவர் அனுப்பியதாகச் சொல்லும் தேதியையும் உங்கள் ரசீது எண்ணையும் அதில் பதிவு செய்துவிடுங்கள். தொலைபேசியில் பேசியதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்; எழுத்தில் கேட்டது அவர்களிடமே இருக்கும்.

இப்போது வீட்டில் உள்ளவர்களின் பயத்துக்கு வருகிறேன். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை, ஏனென்றால் இந்தப் பயத்தால் விண்ணப்பிக்காமலே விட்ட பெண்களை எனக்குத் தெரியும். ‘டிஸபிலிட்டி’ என்ற சொல்லை ‘ஊனம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வதால்தான் பாதிக் கலக்கம் வருகிறது. இந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு, நோயாலோ காயத்தாலோ பேறுகாலத்தாலோ ஒருவர் தன் வழக்கமான வேலையைச் செய்ய இயலாத நிலை என்பதே பொருள். பிரசவத்துக்கு முன் நான்கு வாரமும், பின் ஆறு வாரமும், சிசேரியன் என்றால் எட்டு வாரமும் தாய்மார்கள் வாங்கும் பணம் இதே காப்பீட்டிலிருந்துதான் வருகிறது. அவர்களை யாரும் ஊனமுற்றோர் என்று சொல்வதில்லை. ‘பணி இயலாமை’ என்று வீட்டில் சொல்லுங்கள். அதுதான் சரியான தமிழ்.

இது தர்மப் பணமும் அல்ல. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், சி.ஏ.எஸ்.டி.ஐ. (கலிபோர்னியா மாநில டிஸபிலிட்டி இன்சூரன்ஸ் என்பதன் சுருக்கம்) என்ற தலைப்பில் ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கும். 2025-இல் அது சம்பளத்தில் 1.2 விழுக்காடு. வாரம் 800 டாலர் வாங்குபவருக்கு வாரந்தோறும் 9 டாலர் 60 சென்ட் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 டாலர். முதலாளி இதில் ஒரு சென்ட்கூடப் போடுவதில்லை. 1946-இல் தொடங்கிய இந்தத் திட்டம் தொழிலாளர்களின் சந்தாவில் ஓடுகிறது. நான்கு ஆண்டு சந்தா கட்டிய நீங்கள் இழப்பீடு கேட்கிறீர்கள். குடியுரிமையும் விசா நிலையும் இதற்கான தகுதியைப் பாதிப்பதில்லை என்பது துறையின் நிலை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பார்க்கப்படும் ‘அரசுக்குச் சுமையாதல்’ என்ற கேள்வி, வருமானமில்லாதவர்களுக்கு அரசு தரும் ரொக்க உதவி போன்றவற்றைப் பற்றியது. வேலை செய்து சந்தா கட்டிப் பெறும் இந்தக் காப்பீட்டுத் தொகை இப்போதைய விதிகளின்படி அந்தக் கணக்கில் வராது. குடியேற்ற விதிகள் மாறக்கூடியவை என்பதால், உங்கள் கிரீன் கார்டு வழக்கைக் கையாளும் வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம் எவ்வளவு வரும் என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாடகைக் கணக்கு போடுவதற்கு அது தெரிய வேண்டும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தொடங்கும் விண்ணப்பங்களுக்கு, முந்தைய ஆண்டின் ஜனவரி முதல் டிசம்பர் வரை வாங்கிய சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு 2024. இந்த ஜனவரியில் சம்பளம் உயர்ந்திருந்தால் அது கணக்கில் வராது. அந்த ஆண்டின் நான்கு காலாண்டுகளில் அதிகம் சம்பாதித்த காலாண்டை எடுத்து, அதன் வாரச் சராசரியில் 70 முதல் 90 விழுக்காடு தருகிறார்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உயர்வு இது; அதற்கு முன் 60 முதல் 70 விழுக்காடுதான். சம்பளம் குறைந்தவர்களுக்கு விழுக்காடு அதிகம். எடுத்துக்காட்டாக, அந்தக் காலாண்டில் 10,400 டாலர் வாங்கியிருந்தால் வாரச் சராசரி 800. அதில் 90 விழுக்காடு, அதாவது வாரம் 720 டாலர் வரும். 2025-இன் உச்சவரம்பு வாரம் 1,681 டாலர். முதல் ஏழு நாள் காத்திருப்புக் காலம் என்பதால் அதற்குப் பணம் கிடையாது. உங்களுக்குப் பள்ளி கொடுத்த ஐந்து நாள் நோய் விடுப்புச் சம்பளம் அந்த வாரத்திலேயே விழுந்திருப்பதால் அதனால் நட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் விண்ணப்பத்தில் அதை நீங்கள் குறிப்பிட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போதே தெரிவித்துவிடுங்கள். துறை பள்ளிக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பும். கடைசியாக வேலை செய்த நாளையும் கொடுத்த சம்பளத்தையும் பள்ளி அதில் எழுதும். நீங்கள் எழுதியதும் பள்ளி எழுதியதும் வேறுபட்டால் கோப்பு மறுபடியும் நிற்கும். பள்ளி அலுவலகத்தில் சம்பளம் பார்ப்பவரோடு ஐந்து நிமிடம் பேசி இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சிலேயே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் மாநிலத் திட்டத்துக்குப் பதிலாகத் தாங்களே ஒரு தன்விருப்பத் திட்டம் வைத்திருக்கும். அங்கே வேலை செய்பவர் இ.டி.டி.யில் விண்ணப்பிப்பதில் பயனில்லை. நிறுவனத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் இது அதிகம், சிறு பள்ளிகளில் அரிது. உங்கள் சம்பளச் சீட்டில் மாநிலக் காப்பீட்டுக்கான கழிவு இருந்தால் கவலையில்லை.

பணம் வரத் தொடங்கிய பிறகு வரும் இரண்டாவது தாமதத்தைப் பற்றி இப்போதே எச்சரிக்க விரும்புகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு வரப்போவது ஏறக்குறைய உறுதி. அறுவை மருத்துவர்கள் முதல் சான்றில் பொதுவாக ஆறு அல்லது எட்டு வாரம் என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தேதியோடு பணம் தானாக நின்றுவிடும். கடைசித் தவணையோடு, நீட்டிப்புக்காக மருத்துவர் நிரப்ப வேண்டிய துணைச் சான்று பற்றிய அறிவிப்பு வரும். அது வரும் வரை காத்திருக்காமல், அடுத்த பரிசோதனையிலேயே, ‘எந்தத் தேதி வரை எழுதியிருக்கிறீர்கள்? எனக்கு அதற்குள் குணமாகுமா?’ என்று கேளுங்கள். அப்போது உங்கள் வேலை என்ன என்பதையும் மருத்துவருக்கு விளக்க வேண்டும். ‘ஆசிரியை’ என்று கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்பவர் என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறீர்கள், எத்தனை முறை தரையில் அமர்ந்து எழுகிறீர்கள், குனிந்து உடை மாற்றுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் காப்பீடு கேட்பது உங்களால் எந்த வேலையும் செய்ய முடியாதா என்பதை அல்ல; உங்கள் வழக்கமான வேலையைச் செய்ய முடியுமா என்பதைத்தான். இலகுவான வேலை செய்யலாம் என்று மருத்துவர் சொல்லி, பள்ளியில் அப்படி ஒரு வேலை இல்லையென்றால், நீங்கள் தகுதி இழப்பதில்லை. குணமடைந்து சில மணி நேரம் மட்டும் வேலைக்குத் திரும்பினாலும் பகுதித் தொகை பெற வழி உண்டு. அந்தச் சம்பளத்தை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். மறைத்துப் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டும்போது அதன் மேல் 30 விழுக்காடு அபராதமும் சேரும். ஒரே பணி இயலாமைக்கு மொத்தத்தில் 52 வார அளவு வரை தொகை பெறலாம்.

ஒருவேளை மறுப்புக் கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். கடிதம் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. வழக்கைக் கேட்பவர் இ.டி.டி. அதிகாரி அல்லர்; தனி வாரியத்தைச் சேர்ந்த நிர்வாகச் சட்ட நீதிபதி. விசாரணை பெரும்பாலும் தொலைபேசியிலேயே நடக்கும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்களுக்கும், உடல் வலியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் நீதிபதி முன் துல்லியமாகச் சொல்லத் தாய்மொழி கை கொடுக்கும்.

துறையிடமிருந்து பதிலே வராத நிலை நீடித்தால், உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தை அணுகுங்கள். வாக்குரிமை இல்லாத நாம் எப்படிக் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். தொகுதியில் வசிப்பவருக்கு உதவுவது அந்த அலுவலக ஊழியர்களின் அன்றாட வேலை; உங்கள் ஒப்புதல் தாளைப் பெற்றுக்கொண்டு அவர்களே துறையிடம் விசாரிப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ‘லீகல் எய்ட் அட் வொர்க்’ என்ற அமைப்பும் விடுப்பு, இயலாமைக் காப்பீடு பற்றிய கேள்விகளுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது.

வேலைக்கு இதனால் பாதுகாப்பு உண்டா என்று யாராவது கேட்டால், இல்லை என்பதுதான் பதில். இந்தக் காப்பீடு பணம் மட்டுமே தரும். வேலையைக் காப்பது வேறு சட்டம். ஐந்து பேருக்கு மேற்பட்ட அல்லது ஐந்து பேரே உள்ள நிறுவனத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்து, கடந்த 12 மாதங்களில் 1,250 மணி நேரம் வேலை செய்திருந்தால், கலிபோர்னியாவின் குடும்ப உரிமைச் சட்டப்படி 12 வாரம் வேலைக்காப்புடன் கூடிய விடுப்பு உண்டு. பள்ளியிடம் இந்த விடுப்பை எழுத்தில் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள்.

இன்னொரு வழியும் உங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். உங்களைக் கவனித்துக்கொள்ளக் கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், அவர் கட்டும் அதே சந்தாவிலிருந்து ‘சம்பளத்துடன் குடும்ப விடுப்பு’ என்ற பிரிவில் 12 மாத காலத்தில் எட்டு வாரம் வரை தொகை பெறலாம். அதற்குக் காத்திருப்பு நாட்கள் இல்லை. அவர் எடுத்த விடுப்பு நாட்களைப் பிரித்துப் பிரித்தும் கேட்கலாம். விடுப்பு தொடங்கி 41 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் உங்கள் மருத்துவரின் சான்று தேவை. மருத்துவமனையின் படிவப் பிரிவுக்கு நாளை போகும்போது இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

மே 20 வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குள் உங்கள் கணக்கில் மருத்துவச் சான்று சேர்ந்ததற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றால், மருத்துவமனையில் எழுதி வாங்கிய தேதிகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். கெடுவுக்கு முன்பே துறைக்கு அனுப்ப வேண்டிய விளக்கக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம். ரசீது எண்ணையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் அந்தக் கடிதத்தில் எனக்கு அனுப்ப வேண்டாம். தேதிகள் மட்டும் போதும்.